டொமைன் யார் பெயரில் இருக்கிறது?

 

கொஞ்சம் நீளமான பதிவு. பள்ளிவாசல் நிர்வாக சபையில் இருப்பவர்கள், கோயில் பரிபாலன சபையில் இருப்பவர்கள், பழைய மாணவர் சங்கத்தார், ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள், ஒன்லைனில் தேயிலை விற்கிறவர்கள், "டொமைன் வாங்கி விற்றால் டொலரில் சம்பாதிக்கலாம்" என்று யூடியூபில் கேட்டுவிட்டு வந்து எங்களிடம் விசாரிக்கும் தம்பி தங்கைகள், எல்லோரும் நேரம் எடுத்து வாசியுங்கள்.

2021 பெப்ரவரி 6, சனிக்கிழமை. சுதந்திர தினம் முடிந்து இரண்டாம் நாள். அன்று காலை கூகுள் டொட் எல்கே என்று அடித்த பலருக்குக் கூகுள் வரவில்லை. வேறொரு பக்கம் வந்தது. தேயிலைத் தோட்ட மக்களின் பிரச்சினை, ஊடக சுதந்திரம், ஊழல், சிறுபான்மையினரின் நிலைமை என்று அதில் எழுதியிருந்தது. ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்கான போராட்டம் சூடாக இருந்த காலம். அதனால் எங்கள் பக்கத்தில் இந்தச் செய்தி வேகமாகப் பரவியது. "சரியாகத்தானே எழுதியிருக்கிறான்" என்று சொன்னவர்களும் உண்டு. எழுதியது சரியா பிழையா என்பது வேறு கதை. எப்படிச் செய்தார்கள் என்பதைத்தான் இங்கே பார்க்கவேண்டும்.

கூகுளின் கணினிகளுக்குள் யாரும் புகவில்லை. எல்கே என்று முடியும் பெயர்களின் பதிவேட்டை வைத்திருப்பது எல்கே டொமைன் ரெஜிஸ்ட்ரி. அங்கே உள்ள பதிவுகள் சிலவற்றில் கை வைத்தார்கள். கூகுள், ஒரக்கிள் உட்படச் சில பெயர்கள் வேறு இடத்தைக் காட்டத் தொடங்கின. சில மணித்தியாலங்களில் அதைச் சரிப்படுத்திவிட்டார்கள். ஹட்டன் சந்தியில் டிக்கோயாவுக்குப் போகும் பாதையைக் காட்டும் பலகையை யாரோ இரவில் கொட்டகலைப் பக்கம் திருப்பிவைத்தால் எப்படி இருக்கும்? டிக்கோயா அதே இடத்தில்தான் இருக்கும். ஆனால் புதிதாக வருகிறவர் போய்ச் சேர மாட்டார். அவ்வளவுதான் நடந்தது.

கூகுளுக்குப் பெரிய நட்டம் ஒன்றும் இல்லை. அவர்களிடம் ஆட்கள் இருக்கிறார்கள், சட்டத்தரணிகள் இருக்கிறார்கள். உங்கள் ஹோம்ஸ்டேயின் பலகையை யாராவது திருப்பிவைத்தால் திரும்ப நேராக்கித் தரப்போவது யார்?

டொமைன் என்றால் என்ன என்று விளங்கினால் மிச்சம் எல்லாம் விளங்கும். இணையத்தில் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு நீளமான இலக்கம் இருக்கிறது. அதை ஞாபகம் வைத்திருக்க முடியாது என்பதால் பெயர் வைத்தார்கள். இந்தப் பெயர் எந்த இலக்கத்தைக் காட்டவேண்டும், அதை மாற்றும் உரிமை யாருக்கு என்று ஒரு பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கிறது. உலக மட்டத்தில் இந்த ஒழுங்கைப் பார்ப்பது 1998 இல் உருவான ஐகான் என்ற அமைப்பு. எங்கள் நாட்டின் எல்கே 1990 இலிருந்து இருக்கிறது. 2010 இலிருந்து டொட் இலங்கை என்று தமிழிலேயே முடியும் பெயரும் எடுக்கலாம். பலருக்கு இது தெரியாது.

இந்தப் பெயரை யாரும் அறுதியாக வாங்குவதில்லை. ஒரு வருடத்துக்கு, இரண்டு வருடத்துக்கு என்று குத்தகைக்கு எடுக்கிறோம். டொட் கொம் என்றால் ஒரே தடவையில் கூடியது பத்து வருடம். குத்தகைத் துண்டில் யாருடைய பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் உரிமை. மலையகத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது லேசு. நான்கு தலைமுறை ஒரே லயத்தில் குடியிருந்து, கூரையைத் தன் கைக்காசில் திருத்தி, வாசலில் ரோஜாச்செடி வைத்து வளர்த்தாலும், உறுதி கையில் இல்லாவிட்டால் என்ன நிலைமை என்று நாங்கள் யாரும் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. டொமைனும் அப்படித்தான். வெப்சைட்டுக்குக் காசு கொடுத்தது நீங்கள், படம் எடுத்தது நீங்கள், எழுதியது நீங்கள். ஆனால் பதிவு வேறொருவரின் பெயரில்.

எங்கள் பக்கத்தில் நடக்கும் பெரிய இழப்பு இதில்தான் வருகிறது. இதற்கு மோசடி என்று பெயர் வைக்கவும் முடியாது.

நானுஓயாப் பக்கத்தில் இரண்டு அறையோடு ஹோம்ஸ்டே தொடங்கிய ஒரு குடும்பத்தை எங்களுக்குத் தெரியும். உறவுக்காரத் தம்பி ஒருவர் வெப்சைட் செய்து கொடுத்தார். டொமைனைத் தன்னுடைய மெயிலில், தன்னுடைய கார்டில் எடுத்தார். ஏன்? வீட்டுக்காரரிடம் வெளிநாட்டுக்குக் காசு கட்டும் கார்ட் இல்லை. அவருக்கு மெயிலும் இல்லை, பிள்ளைகளின் போனில் இருந்த ஒன்றுதான். தம்பி பிறகு கட்டாருக்கு வேலைக்குப் போனார். பழைய கார்ட் காலாவதியானது. புதுப்பிக்கும்படி வந்த அறிவித்தல்கள் எல்லாம் அவர் பார்க்காமல் விட்ட பழைய மெயிலுக்குப் போயின. ஒருநாள் பெயர் கைவிட்டுப் போனது. இப்போது அந்த முகவரியை அடித்தால் சூதாட்டப் பக்கம் வருகிறது. ஹோம்ஸ்டேயின் பெயர்ப்பலகையில் அந்த முகவரி இருக்கிறது, அச்சடித்த கார்டில் இருக்கிறது, வெள்ளைக்காரர்கள் எழுதிய பயணக் குறிப்புகளில் இருக்கிறது. தொடர்புகொண்டு கேட்டதற்கு 1,500 டொலர் என்று பதில் வந்தது.

தம்பி களவெடுக்கவில்லை. உதவி செய்ய வந்தவர்தான். இப்போது பெயரை வைத்திருப்பவரும் காலாவதியான பெயரைச் சட்டப்படி எடுத்தவர்தான். பொலிஸில் போய் என்ன சொல்வது?

ஆகவே முதலில் பார்க்கவேண்டியது கள்ளனை அல்ல. உங்கள் டொமைன் எந்தக் கம்பனியில் பதியப்பட்டிருக்கிறது? அந்தக் கணக்குக்குள் யார் போகலாம்? எந்த மெயிலுக்கு அறிவித்தல் வருகிறது? இந்த மூன்றுக்கும் உங்களால் உடனே பதில் சொல்ல முடியாவிட்டால் அந்தப் பெயர் இன்னும் உங்கள் கைக்கு வரவில்லை. ஐகானின் தேடல் பக்கத்தில் போய்ப் பெயரை அடித்தால் பதிந்த கம்பனியும் முடியும் திகதியும் தெரியும். உரிமையாளரின் பெயர் தெரியும் என்று நம்பிப் போகவேண்டாம். 2018 இல் ஐரோப்பாவின் தனியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு பெரும்பாலான பெயர்களுக்கு அந்த விபரம் மறைக்கப்பட்டிருக்கிறது. எனவே கணக்கின் சாவி யாரிடம் என்பதே உண்மையான கேள்வி.

சங்கம், பள்ளிவாசல், கோயில் என்றால் செயலாளரின் சொந்த மெயிலில் எடுக்கவேண்டாம். செயலாளர் மாறுவார், கோபித்துக்கொண்டு போவார், மௌத்தாகவும் கூடும். சங்கத்துக்கென்று ஒரு மெயில் திறந்து, இரண்டு பேரிடம் பாஸ்வேர்ட் இருக்கட்டும். வெப்சைட் செய்கிறவரிடம் வேலையைக் கொடுக்கும்போதே சொல்லுங்கள்: "தம்பி, டொமைனை எங்கட பேர்ல எடுங்க, பில்லும் எங்கட பேர்ல வரணும்." நல்ல ஆள் என்றால் கோபிக்க மாட்டார். "அதெல்லாம் நான் பாத்துக்கிறேன் நானா" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறவரிடம் வேறு வேலை கொடுக்கலாம், இதைக் கொடுக்கவேண்டாம். கார்ட் பிரச்சினை என்றால் எல்கே பெயர் எடுக்கலாம், ரூபாவில் கட்டலாம். பாடசாலைகளுக்கென்றே எஸ்சிஎச் டொட் எல்கே என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஹோட்டல் டொட் எல்கே என்றும் ஒன்று உண்டு.

காலாவதியானதும் அதே நிமிடத்தில் பெயர் பறந்துவிடாது. டொட் கொம் போன்ற பெயர்களுக்கு, முடிவதற்கு ஏறக்குறைய ஒரு மாதத்துக்கு முன்னும் ஒரு கிழமைக்கு முன்னும் அறிவித்தல் அனுப்பவேண்டும், முடிந்து ஐந்து நாட்களுக்குள் இன்னுமொன்று அனுப்பவேண்டும் என்பது ஐகானின் விதி. முடிந்த பிறகும் கம்பனி சில நாட்களோ வாரங்களோ பொறுக்கலாம். அது கம்பனிக்குக் கம்பனி மாறும், கூடியது 45 நாள். அதன் பிறகு பெயர் நீக்கப்பட்டாலும் 30 நாளுக்குள் மீட்கலாம், ஆனால் தண்டம் மாதிரி ஒரு பெரிய கட்டணம் கட்டவேண்டி வரும். பிறகு ஐந்து நாள். அதற்குப் பிறகு முதலில் கை நீட்டுகிறவருக்கு. கை நீட்டுவது மனிதர்கள் அல்ல, இதற்கென்றே ஓடிக்கொண்டிருக்கும் கணினிகள். நானுஓயாக் குடும்பம் விடியக்காலையில் எழும்பி உட்கார்ந்திருந்தாலும் அதைப் பிடித்திருக்க முடியாது.

இந்தப் புதுப்பிக்கும் காலம்தான் கள்ளர்களுக்கு அறுவடைக் காலம். முடியும் திகதி யாருக்கும் தெரியும் என்று சொன்னோம் அல்லவா, அதைப் பார்த்துப் பொய்ப் பில் அனுப்புவார்கள். இது பழைய வித்தை. டொமைன் ரெஜிஸ்ட்ரி ஒப் அமெரிக்கா என்று ஒரு கம்பனி. பெயரைக் கேட்டால் அரசாங்கத் திணைக்களம் மாதிரி இருக்கும். "உங்கள் டொமைன் காலாவதியாகப் போகிறது" என்று பில் மாதிரி ஒரு கடிதம் தபாலில் அனுப்பியது. காசு கட்டினவர்கள் பழைய இடத்தில் புதுப்பிக்கிறோம் என்று நினைத்தார்கள். உண்மையில் தங்கள் டொமைனை இந்தக் கம்பனிக்கு மாற்றக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள், அதுவும் கூடிய விலைக்கு. 2003 இல் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு இவர்கள்மீது வழக்குப் போட்டது. அதற்குப் பிறகும் கடிதங்கள் நிற்கவில்லை. 2014 இல் அவர்களோடு தொடர்புடைய பதிவுக் கம்பனியை ஐகான் இடைநிறுத்தியது. இப்போது தபால் போய் மெயில் வந்திருக்கிறது. வித்தை அதேதான்.

இந்தப் பில் ஏன் பலிக்கிறது? வாங்குகிறவர் ஏமாளி என்பதால் அல்ல. எந்தக் கம்பனியில் பதிந்திருக்கிறோம் என்று தெரியாததால். உங்களுக்குத் தண்ணீர் பில் எந்தச் சபையிலிருந்து வரும் என்று தெரியும். வேறு யாரும் தண்ணீர் பில் கொண்டுவந்து நீட்டினால் "நீ யாரடா" என்று கேட்பீர்கள். டொமைனுக்கு அந்தக் கேள்வியைக் கேட்க முடிவதில்லை, ஏனென்றால் பதிந்தது தம்பி. மெயிலில் வரும் லிங்கைத் தொடாமல், நீங்களாகவே உங்கள் கம்பனியின் முகவரியை அடித்து உள்ளே போய்ப் பாருங்கள். கட்டவேண்டியது இருந்தால் அங்கே இருக்கும்.

இன்னொரு மெயிலும் வரும். சீனாவிலிருந்து எழுதுவதாகச் சொல்லும். "உங்கள் கடையின் பெயரை இன்னொரு கம்பனி இங்கே பதியக் கேட்டிருக்கிறது. நீங்கள் உரிமையாளர் என்பதால் முதலில் உங்களிடம் கேட்கிறோம்." மரியாதையான எழுத்து. அப்படி ஒரு கம்பனியே இருக்காது. பயந்துபோய் நீங்களே அந்தப் பெயர்களை அவர்களிடம் கூடிய விலைக்கு வாங்கவேண்டும், அதுதான் திட்டம். அழித்துவிடுங்கள். பதில் எழுதினால் இந்த மெயிலை ஒரு மனிதர் வாசிக்கிறார் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

அடுத்தது இளைஞர்களுக்கு. கவனமாக வாசியுங்கள், ஏனென்றால் இதில் எங்களுக்குக் கோபமும் இருக்கிறது.

வொய்ஸ் டொட் கொம் என்ற பெயர் 2019 இல் 30 மில்லியன் டொலருக்கு விற்றது. உண்மை. இந்த ஒரு கதையைக் காட்டி, "பத்து டொலருக்கு வாங்கிப் பத்தாயிரத்துக்கு விற்கலாம்" என்று வகுப்பு நடத்துகிறார்கள். உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில் இருக்கும் பிள்ளைகள், கொழும்பில் கடை வேலைக்குப் போய்த் திரும்பி வந்த பிள்ளைகள், அம்மாவின் கொழுந்துக் காசில் பத்துப் பதினைந்து பெயர் வாங்கி வைத்திருக்கிறார்கள். அந்த நல்ல ஒற்றைச் சொற்கள் எல்லாம் முப்பது வருடத்துக்கு முன்பே போய்விட்டன. இன்று மிஞ்சியிருக்கும் பெயர்களில் மிகப் பெரும்பாலானவற்றை யாரும் கேட்டு வர மாட்டார்கள். வருடா வருடம் புதுப்பிக்கும் காசு மட்டும் நிச்சயம். வகுப்பு நடத்துகிறவருக்கு வருமானம் வகுப்பிலிருந்துதான் வருகிறது. அவர் எத்தனை பெயர் விற்றார் என்று கேட்டுப் பாருங்கள்.

இப்படிக் காத்திருக்கும் பிள்ளைக்கு ஒருநாள் மெயில் வரும். "உங்கள் பெயரை 8,000 டொலருக்கு எடுக்க விரும்புகிறேன்." பிள்ளைக்கு இரவு நித்திரை வராது. இரண்டு மூன்று மெயில் போய் வந்த பிறகு வாங்குகிறவர் சொல்வார்: "என் பங்குதாரர் மதிப்பீட்டுச் சான்றிதழ் கேட்கிறார். இந்த இடத்தில் எடுங்கள், அவர்கள் நம்பிக்கையானவர்கள்." சான்றிதழுக்கு ஐம்பது, நூறு டொலர். 8,000 வரப்போகிறது என்றால் நூறு என்ன பெரிது? கட்டியவுடன் வாங்குகிறவர் காணாமல் போவார். மதிப்பீடு செய்யும் தளமும் வாங்குகிறவரும் ஒரே ஆள். நூறு டொலர் என்பது ஒரு கொழுந்துத் தொழிலாளிக்கு எத்தனை நாட்சம்பளம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். உண்மையாக வாங்க வருகிறவருக்கு உங்கள் சான்றிதழ் தேவையில்லை. விலை அவர் மனதில் இருக்கிறது. விற்கிறவரிடம் முதலில் காசு கேட்கும் வாங்குகிறவர் வாங்குகிறவர் அல்ல. மாட்டுச் சந்தையிலும் இதுதான் கணக்கு.

ஏலத் தளங்களில் இன்னொன்று நடக்கும். விற்கிறவரே வேறு பெயரில் வந்து விலையை ஏற்றிவிடுவார். வாங்கும் எண்ணம் இல்லாமல் விலை ஏற்றுவதற்கு எங்கள் மார்க்கத்தில் "நஜ்ஷ்" என்று பெயரே இருக்கிறது, தடுக்கப்பட்டது. தன் கைக்கு வராத பொருளை விற்பதும் அப்படியே. இணையம் வருவதற்குப் பதினான்கு நூற்றாண்டுக்கு முன்னாலேயே சந்தையில் இதெல்லாம் நடந்திருக்கிறது. ஆகவே "புதுத் தொழில்நுட்பம், எங்களுக்கு விளங்காது" என்று பெரியவர்கள் ஒதுங்கவேண்டியதில்லை. கடை நடத்திய ஹாஜியார் ஒருவர் இந்த மெயில்களைத் தமிழில் வாசிக்கக் கேட்டால் இரண்டு நிமிடத்தில் பிழையைப் பிடித்துவிடுவார்.

பிரபலமான கம்பனிகளின் பெயரை முந்திப் பதிந்து அவர்களிடமே விற்கலாம் என்று சில பிள்ளைகள் கேட்கிறார்கள். வேண்டாம் தம்பி. 1999 இலிருந்து இதற்கென்று ஒரு சர்வதேச நடைமுறை இருக்கிறது. பெயர் வர்த்தகக் குறிக்கு ஒத்திருக்கிறது, உனக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட எண்ணத்தில் பதிந்து பாவிக்கிறாய் என்று காட்டினால் பெயரைப் பறித்துக் கொடுத்துவிடுவார்கள். "இவ்வளவு தந்தால் தருகிறேன்" என்று நீ கம்பனிக்கு எழுதும் மெயிலே உனக்கு எதிரான சாட்சி. சென்னையை மையமாகக் கொண்ட சத்யம் இன்போவே கம்பனியின் சிஃபி என்ற பெயரோடு ஓர் எழுத்தை மட்டும் கூட்டி இன்னொருவர் பதிந்த வழக்கு இந்திய உச்ச நீதிமன்றம் வரை போனது. 2004 இல் சத்யத்துக்குச் சார்பாகத் தீர்ப்பு வந்தது. கடைப் பெயருக்கு உள்ள பாதுகாப்பு டொமைனுக்கும் உண்டு என்று நீதிமன்றம் சொன்னது. 2024 இல் ஜியோவும் ஹொட்ஸ்டாரும் சேரப்போகின்றன என்று கணித்து இரண்டு பெயரையும் சேர்த்துப் பதிந்து வைத்த டில்லி இளைஞர், தன் மேல்படிப்புச் செலவைத் தரும்படி கம்பனியிடம் கேட்டார். கம்பனி மறுத்துவிட்டது, சட்ட நடவடிக்கை என்றும் சொன்னது. எங்களுக்கு அந்த இளைஞர்மீது கொஞ்சம் அனுதாபம் இருக்கிறது, அது வேறு. ஆனால் அவருக்கு இருந்த செய்தி வெளிச்சம்கூட எங்கள் பிள்ளைக்குக் கிடைக்காது.

வாங்கும்போது பயம் வேறு மாதிரி. விற்கிறவர் உண்மையான உரிமையாளர்தானா? பி2பி டொட் கொம் என்ற பெயரை 2006 இல் அமெரிக்காவில் ஒருவர் உரிமையாளர்களின் பதிவுக் கணக்குக்குள் புகுந்து தன் பெயருக்கு மாற்றினார். பிறகு ஈபேயில் ஒரு பிரபல கூடைப்பந்து வீரருக்கு ஒரு இலட்சத்துப் பதினோராயிரம் டொலருக்கு மேல் விலைக்கு விற்றார். களவாடியவர் 2009 இல் பிடிபட்டார், 2011 இல் ஐந்து வருடச் சிறைத்தண்டனை கிடைத்தது. வாங்கியவர் நேர்மையாகக் காசு கொடுத்தவர். ஆனால் அவர் வாங்கியது களவுப் பொருள்.

எனவே கைமாற்றுக்கு முன் விற்கிறவரிடம் ஒரு சின்ன வேலை சொல்லுங்கள்: அந்தத் தளத்தில் நீங்கள் சொல்லும் ஒரு சொல்லை ஒரு மணித்தியாலம் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். உரிமையாளர் என்றால் செய்வார். பெயர் முன்பு எதற்குப் பாவிக்கப்பட்டது என்று இணைய ஆவணக் காப்பகத்தில் பாருங்கள். சூதாட்டத்துக்கோ அதைவிடக் கேவலமானதற்கோ பாவித்த பெயரை மதரஸாவுக்கு வாங்கிவிட்டுப் பிறகு அழக்கூடாது. பெரிய தொகை என்றால் நடுவில் காசை வைத்திருக்கும் எஸ்குரோ சேவை மூலம் செய்யலாம். ஆனால் மற்றவர் அனுப்பும் எஸ்குரோ லிங்கில் போகவேண்டாம், பொய் எஸ்குரோ தளங்களும் இருக்கின்றன. முகவரியை நீங்களே அடியுங்கள்.

விற்கிறவர்களுக்கு: ஒரு கம்பனியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற ஓர் இரகசியக் குறியீடு உண்டு. அது ஏடிஎம் பின் இலக்கம் மாதிரி. காசு வருமுன் அதைக் கொடுத்தால் பெயர் போய்விட்டது. "காசு போட்டாச்சு, ஸ்லிப் பாருங்க" என்று வட்ஸ்அப்பில் படம் அனுப்புவார்கள். ஸ்லிப் படம் காசு அல்ல. போனில் ஐந்து நிமிடத்தில் ஸ்லிப் செய்யலாம், எங்கள் தரம் 10 பிள்ளைகளுக்கே தெரியும். கணக்கில் காசு விழுந்ததை வங்கியில் பார்த்த பிறகுதான் குறியீடு. கணக்கில் மாற்றப்பூட்டு என்று ஒன்று இருக்கும். விற்காத நாட்களில் அது பூட்டியே இருக்கட்டும், இரண்டடுக்குப் பாதுகாப்பையும் போட்டுவையுங்கள்.

வெப்சைட்டே இல்லாதவர்களுக்கும் ஒரு விஷயம். தபால் திணைக்களத்தின் பெயரில் "பார்சல் நிற்கிறது, கட்டணம் கட்டுங்கள்" என்று எஸ்எம்எஸ் வந்திருக்கும். இதுவும் டொமைன் வித்தைதான், ஒத்த பெயர் ஒன்றைப் பதிந்துவிட்டு அனுப்புவார்கள். முகவரியின் தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அதற்குப் பிறகு முதல் சாய்கோடு வரும் இடத்தில் நின்று, அங்கிருந்து வலமிருந்து இடமாக வாசியுங்கள். மதரஸாப் பிள்ளைகளுக்கு இது பழக்கமான திசை. முதலில் எல்கே, அதற்கு இடப்பக்கம் கவ், அதற்கும் இடப்பக்கம் எஸ்எல்போஸ்ட் என்று புள்ளி வைத்து வந்தால்தான் அது தபால் திணைக்களம். கவ், எல்கே இரண்டும் நடுவில் எங்கேயோ இருந்து, கடைசியில் வேறு ஏதாவது முடிந்தால் அது கள்ளன் வீடு. பரீட்சைப் பெறுபேறு நாளிலும் இப்படியே பாருங்கள். டூஎனெட்ஸ் டொட் எல்கே என்பது பரீட்சைத் திணைக்களத்தின் முகவரி. யாரோ வட்ஸ்அப் குழுவில் போடும் "சீக்கிரம் பார்க்கலாம்" லிங்கில் பிள்ளையின் சுட்டெண்ணையும் அடையாள அட்டை இலக்கத்தையும் கொடுக்கவேண்டாம்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் வெட்கப்பட்டு மறைக்கவேண்டாம். இந்த மெயில்கள் எல்லாம் ஆங்கிலத்தில், அதுவும் திணைக்களத் தொனியில் வருகின்றன. தோட்டத்து ஒபிஸ் கடிதம் என்றாலே பதறிப் பழகிய சமூகம் நாங்கள், அந்தத் தொனிக்குக் கீழ்ப்படிவது ஆச்சரியம் இல்லை. கார்ட் இலக்கம் கொடுத்திருந்தால் முதலில் வங்கிக்கு அழைத்துக் கார்டை நிறுத்துங்கள். டொமைன் போயிருந்தால் அதே நாளில் பதிவுக் கம்பனிக்கு எழுதுங்கள். ஒரு தடவை கம்பனி மாறிய பெயர் வழக்கமாக 60 நாளுக்கு மறுபடி மாற முடியாது, அந்த நாட்களுக்குள் முறையிட்டால் வழி இருக்கிறது. மெயில் பாஸ்வேர்டை மாற்றுங்கள், ஏனென்றால் பெரும்பாலும் களவு மெயில் வழியாகத்தான் தொடங்குகிறது. எதையும் அழிக்காமல் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். இலங்கை சேர்ட் நிறுவனத்துக்கு 101 இல் சொல்லலாம். பொலிஸில் முறைப்பாடு போடலாம், 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இதற்குத்தான் இருக்கிறது.

பதிந்த கம்பனி, கணக்கின் மெயில், முடியும் திகதி மூன்றையும் ஒரு தாளில் எழுதி வங்கிப் புத்தகம் இருக்கும் அலுமாரியில் வையுங்கள். நிர்வாகம் மாறும்போது சாவியோடு அதையும் கையளித்து, கூட்டக் குறிப்பில் எழுதிவிடுங்கள்.

விளங்காத மெயில் வந்தால் பதில் போடுவதற்கு முன்னால் ஸ்கிரீன்ஷொட் எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். பாடசாலை விட்ட பிறகு பார்த்துச் சொல்கிறோம். பாஸ்வேர்டை மட்டும் அனுப்பவேண்டாம், எங்களுக்கும்தான்.